கொக்குக் கூரைக்கு முட்டுப் பிரித்த நாள்

1

சென்ற வாரம் வேலை இடத்தில் ஒரு பலகை விழுந்தது. பெரிய பலகை இல்லை. யாருக்கும் அடியும் இல்லை. ஆனால் சத்தம் கேட்ட அடுத்த நொடி நான் கட்டிடத்துக்கு வெளியே மணல் குவியல் மேல் நின்றுகொண்டிருந்தேன். எப்படி வந்தேன் என்று எனக்கே தெரியாது. கையில் பாதிச் சோற்றோடு பொட்டலம் இருந்தது.

கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். "அண்ணே, விழுந்தது பலகை. வானமில்ல" என்றார் திருவாரூர்க்காரர் ஒருவர். ரஃபீக் மட்டும் சிரிக்கவில்லை. அவன் பங்களாதேஷ்காரன். விடுதியில் எனக்குப் பக்கத்துக் கட்டில். போன வருடம் பத்து நாள் எனக்குச் சோறு இறங்காமல் போனதைப் பார்த்தவன். "ஊர்? கூரை?" என்று நாங்கள் பேசிக்கொள்ளும் அரைகுறை மொழியில் கேட்டான். ஆமாம் என்று தலையாட்டினேன்.

அந்தக் கூரை புதுக்கோட்டை மாவட்டத்தில் என் ஊரில் இருக்கிறது. நான் சிங்கப்பூரில் இருக்கிறேன். அதை இன்றுவரை நேரில் பார்த்ததில்லை. ஆனாலும் இங்கே எது விழுந்தாலும் எனக்கு அதுதான் விழுகிறது. இந்த வாரத்தோடு ஒரு வருடம் ஆகிறது. நடந்ததை எழுதிவைக்கலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

நான் ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஓரிடத்தில் தங்காத கால் எனக்கு. திருப்பூர், பம்பாய், மலேசியா, பிறகு வளைகுடா. பதினோரு வருடமாக இங்கே. தொழில் சென்ட்ரிங். காங்கிரீட் ஊற்றுவதற்கு முன் பலகை அடித்து, அடியில் முட்டுக்கம்புகள் கொடுப்பது, இறுகிய பின் அவற்றைப் பிரிப்பது. நான் கைவைத்த எதுவும் கடைசியில் கட்டிடத்தில் மிஞ்சாது. அதில் எனக்கு வருத்தமில்லை.

2

அரிமளத்திலிருந்து உள்ளே போகிற ஊர் எங்களுடையது. பழைய ரேஷன் கடை இடிந்துபோய்க் கிடந்த இடத்தில் ஒரு படிப்பகம் கட்டலாம் என்று பேச்சு வந்தது. ஊரில் நாற்பதைத் தாண்டிய பெண்கள் பலருக்கு எழுத்துக்கூட்டத் தெரியாது. வருகிற பஸ் எந்த ஊர் போகிறது என்று பக்கத்தில் நிற்பவரைக் கேட்டுத்தான் ஏறுவார்கள். என் மனைவி ராசாத்தியும் அப்படித்தான்.

கட்டிடத்தை வரைந்தவர் சுகந்தி. கீரனூர்ப் பெண். தினமும் பஸ்ஸில் திருச்சிக்குப் போய், கட்டிடம் வரைகிற அலுவலகத்தில் வேலை பார்ப்பவர். எங்கள் ஊருக்கு முதல்முறை வந்தபோது அளவுநாடாவை வெளியே எடுக்கவே இல்லையாம். பெண்களை உட்காரவைத்து, "நடவு நடுகையில ஒரு கதை சொல்லுவீங்கன்னு கேள்விப்பட்டேன். அதச் சொல்லுங்க" என்றாராம்.

அவர்கள் கொக்குக் கதையைச் சொன்னார்கள். ஒரு பெண் வீட்டு வாசலில் கொக்கு ஒன்று ஓலையைப் போட்டுவிட்டுப் போகிறது. அவளுக்குப் படிக்கத் தெரியாது. ஏழு வீடு ஏறி இறங்குகிறாள். ஒரு வீட்டில் உப்பு மடிக்கத் தருகிறாயா என்கிறார்கள். இன்னொரு வீட்டில் காது குடைய ஆகும் என்கிறார்கள். எந்த வீட்டிலும் படிக்கத் தெரிந்த ஆள் இல்லை. கடைசியில் அவளே ஒவ்வோர் எழுத்தாகக் கற்றுக்கொண்டு படிக்கிறாள். கண்மாய்க் கரை உடையப் போகிறது, மேட்டுக்குப் போ என்று அதில் இருக்கிறது. அவள் தப்பித்தாளா என்பது சொல்கிறவரைப் பொறுத்தது. ராசாத்தி சொன்னால், அவள் ஓலையைப் படித்து முடிக்கும்போது கால் நனைந்திருக்கும்.

சுகந்தி அந்தக் கதையையே கட்டிடமாக வரைந்தார். நடுவில் நீளமாக, கனமாக ஒரு சுவர். அது கொக்கின் உடம்பு. சுவரில் ஏழு மாடம், ஏழு வீடு. ஒவ்வொரு மாடத்திலும் கதையின் ஒரு துண்டு பெரிய எழுத்தில் இருக்கும். ஒன்றைப் படித்தவருக்கு அடுத்ததில் என்ன என்று நடக்கத் தோன்றும். சுவரின் இரண்டு பக்கமும் எட்டடிக்குத் தளம் வெளியே நீண்டிருக்கும். அது சிறகு. அந்த நிழலில் உட்கார்ந்து படிக்கலாம். கீழே தூண் கிடையாது.

"ரெண்டு தூணக் குடுத்தா என்னம்மா?" என்று ஊரில் கேட்டிருக்கிறார்கள்.

"பறக்குற கொக்குச் செறகுக்கு யாருங்க தூண் வைப்பாங்க?" என்றாராம்.

ஊர் வாட்சப் குழுவில் அந்தப் படத்தைப் பார்த்தபோது எனக்கு முடி சிலிர்த்தது. யார் கட்டுவது என்று பேச்சு வந்தது. திருச்சியில் ஒரு கான்ட்ராக்டர் பெயரைச் சொன்னார்கள். நான்தான் குரல் பதிவு போட்டேன்: "நம்ம கருப்பையா மச்சான் இருக்கும்போது வெளியாள் எதுக்கு?"

கருப்பையா ராசாத்தியின் அண்ணன். முப்பது வருடக் கொத்தனார். எங்கள் பக்கத்தில் பாதி வீடுகள் அவர் கை. எழுத்து அவருக்கும் எனக்கும் ஏறக்குறைய ஒரே அளவுதான். வரைபடத்தைக் கோடு பார்த்துப் புரிந்துகொள்வார். ஓரத்தில் இங்கிலீஷில் எழுதியிருப்பதை விட்டுவிடுவார். நானும் இத்தனை நாட்டில் அப்படித்தான் பிழைத்தேன்.

எங்கள் பக்கத்துக் கொத்தனார்களிடம் ஒரு பழக்கம் உண்டு. புதுத் தளத்துக்கு முட்டுப் பிரிக்கிற அன்று முதல் கம்பைத் தட்டும்போது தலைக் கொத்தனார் தளத்துக்கு நேர் கீழே நிற்பார். வெற்றிலை போட்டுக்கொண்டு, அண்ணாந்துகூடப் பார்க்காமல் நிற்பார். அவர் நின்றால்தான் வீட்டுக்காரர் உள்ளே காலெடுத்து வைப்பார். கருப்பையா மச்சான் ஒரு தளத்துக்குக்கூட நிற்காமல் இருந்ததில்லை.

3

காங்கிரீட் போட்டுப் பத்து நாள் கழித்து மச்சான் எனக்கு மூன்று படம் அனுப்பினார். முதல் படம் கம்பி கட்டி முடித்தது. இரண்டாவது கலவை மெஷின். மூன்றாவது கறிச்சோறு. கூடவே குரல்: "மாப்ள, எப்புடி? முட்டுப் பிரிக்க நாள் பாத்தாச்சு. இன்னும் பதினோரு நாள்."

முதல் படத்தில் கம்பி இருந்த இடம் எனக்குச் சரியாகப் படவில்லை. பெரிதாக்கிப் பார்த்தேன்.

தொழில் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். இரண்டு பக்கமும் சுவர் தாங்குகிற சாதாரணத் தளம் நடுவில் தொய்யப் பார்க்கும். அதனால் கம்பியை அடியில் போடுவோம். ஒரு பக்கம் மட்டும் பிடித்துக்கொண்டு வெளியே நீள்கிற தளம் அப்படியில்லை. நுனி தொங்கப் பார்க்கும், மேல்பக்கம் பிளக்கும். அதற்குக் கம்பி மேலே இருக்க வேண்டும். கையை நீட்டி ஒரு வாளித் தண்ணீரைப் பிடித்துப் பாருங்கள். உள்ளங்கையில் வலிக்காது, தோள்பட்டையின் மேல்பக்கம் இழுக்கும்.

மச்சான் வாழ்நாளெல்லாம் நாலு சுவர் வீடு கட்டியவர். கை பழகிய இடத்தில் கம்பியைப் போட்டிருந்தார். படத்தில் கம்பி முழுவதும் பலகையை ஒட்டிப் படுத்திருந்தது. மேலே ஒன்றும் தெரியவில்லை.

அல்லது படம் எடுத்த கோணம் அப்படியோ என்னவோ. மேல்கம்பியைப் பிறகு கட்டியிருக்கலாம். இப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். முட்டுக்கம்புகள் இருக்கும்வரை எந்தத் தளமும் நல்ல தளம்தான்.

வளைகுடாவில் இருந்தபோது ஒரு பால்கனி இப்படி நல்ல தளமாக இருந்தது. முட்டுப் பிரித்தபோது நான் மேல்தளத்தில் இருந்தேன். தொண்டிப் பக்கத்து மைதீன் கீழே இருந்தார். அவர் உடலோடு ஊருக்கு அனுப்ப அவர் பெட்டியை நான்தான் கட்டினேன். இரண்டு கைலி, ஒரு ரேடியோ, பிரிக்காத புதுக் குடை ஒன்று. மழையே பெய்யாத ஊரில் எதற்குக் குடை வாங்கினார் என்று தெரியவில்லை. மறுநாள் எங்களிடம் ஒரு காகிதத்தில் கையெழுத்து வாங்கினார்கள். வேலையில் உள்ள ஆபத்து எனக்கு விளக்கப்பட்டது, புரிந்துகொண்டேன் என்று அதில் எழுதியிருந்ததாம். ரொம்ப நாள் கழித்து ஒருவர் சொல்லித்தான் தெரியும்.

4

ராசாத்தியைக் கூப்பிட்டேன். பின்னால் ஒரே பேச்சுச் சத்தம்.

"எங்க இருக்க?"

"படிப்பகத்துலதாங்க. நூறுநாள் வேல முடிஞ்சு எல்லாரும் இங்கிட்டு வந்துர்றோம். முட்டுக் கம்புக்கு நடுவுல நல்ல நெழலு. டீச்சரும் இங்கனயே வந்து சொல்லிக் குடுக்குது. நான் எம்பேர எழுதிட்டேன்."

"அங்க ஒக்காராத. பாம்பு வரும்."

"பாம்பா? இருவது பொம்பளைக கத்துற கத்துல பாம்பு அரிமளத்துக்கே ஓடியிருக்கும்."

எல்லோரும் சிரிக்கிற சத்தம் கேட்டது. உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. அவளுடைய அண்ணன் கட்டியது விழும் என்று எந்த ஆதாரத்தை வைத்துச் சொல்வது? ஒரு படத்தை வைத்தா? அதுவும் அவரைப் பிடித்து அந்த வேலையில் வைத்தவன் நான்.

அதன் பிறகு எனக்கு வந்த நினைப்பெல்லாம் ஒரே மாதிரி. யாராவது ஒரு கம்பை உருவி ஆட்டுக் கொட்டகைக்குக் கொண்டுபோனால்? மாடு முதுகைத் தேய்த்தால்? பதினோரு நாள்கூட வேண்டாம்.

சுகந்தி வரைந்த படத்தை மகளுக்கு அனுப்பி, ஓரத்தில் இங்கிலீஷில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டேன். அவள் புதுக்கோட்டையில் கல்லூரி போகிறாள். நான் தமிழில் பேசி அனுப்பினால் அவள் இங்கிலீஷ் எழுத்தில் தமிழைத் தட்டி அனுப்புவாள். அதையும் நான் இன்னொருவரிடம் காட்டித்தான் தெரிந்துகொள்ள வேண்டும். "busy pa, apram" என்று வந்தது. இரண்டு நாள் ஒன்றும் வரவில்லை. அவளைக் குறைசொல்லவில்லை. அவளுடைய பதினெட்டு வருடத்தில் நான் வீட்டில் இருந்த நாட்களைச் சேர்த்தால் இரண்டு வருடம் வராது. அப்பா கேட்பதில் எது அவசரம் என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

கடைசியில் ரஃபீக்தான் படித்தான். அவன் பத்தாவது முடித்தவன். ஒரு சொல்லைப் படிப்பான், பிறகு கையால் காட்டுவான். நடுச்சுவருக்கு மேலே கையை வைத்து, "மெயின் கம்பி, மேல" என்றான். இன்னொரு வரியைப் படித்துவிட்டு என்னைப் பார்த்தான். கம்பியை இன்ஜினியர் வந்து பார்க்காமல் காங்கிரீட் போடக் கூடாது என்பது அந்த வரி.

சுகந்திக்குப் போன் போட்டேன். படத்தில் தெரிந்ததைச் சொன்னேன். "அன்னைக்கு ஆபீஸ்ல என்னைய வேற எடத்துக்கு வேலையா அனுப்பிட்டாங்க. திங்கக்கிழமை வந்து கம்பியப் பாக்குறேன், அதுவரைக்கும் நிறுத்துங்கன்னு சொல்லியிருந்தேன். மழை வரும், மெஷின் வந்துருச்சுன்னு போட்டுட்டாங்கண்ணா. கொத்திப் பாக்காம உள்ள என்ன இருக்குன்னு சொல்ல முடியாது. தயவுசெஞ்சு யாரையும் கீழ விடாதீங்க. கொத்தனார்கிட்டயும் பேசினேன், அவர் என்னைய மதிக்கல."

ஊருக்குப் போய்விடலாம் என்று விடுப்புக் கேட்டேன். பெர்மிட் புதுப்பிக்கப் பாஸ்போர்ட் கொடுத்திருந்த நேரம். அலுவலகத்தில் இருந்த பெண் இந்த ஊர்த் தமிழர். படிவத்தில் சாவு, கல்யாணம், நோய் என்று மூன்று கட்டம் இருந்தது.

"அங்கிள், யாரு செத்துப் போனது?"

"இன்னும் யாரும் சாகலம்மா."

"அப்ப எந்தக் கட்டத்துல போடுறது?"

ஒரு கூரை விழலாம் என்று சொன்னேன். விழுந்த பிறகு வாருங்கள் என்று அந்தப் பெண் சொல்லவில்லை. நல்ல பெண். ஆனால் படிவத்துக்கு அதுதான் அர்த்தம்.

5

மச்சானிடம் பேசினேன்.

"மச்சான், செறகுத் தளத்துக்கு மேல்கம்பி போட்டீங்களா?"

"என்ன மேல்கம்பி, கீழ்கம்பி? போட வேண்டிய எடத்துல போட்ருக்கேன்."

"எந்த எடத்துல?"

"ஏன் மாப்ள, சிங்கப்பூரு காத்துப் பட்டா கொத்தனாராயிருவியா? நீ பலக அடிக்கிறவன். பலகையோட நில்லு."

"மேல ஏறி, செவுத்துக்கு நேரா ரெண்டு வெரக்கடை கொத்திப் பாருங்க. கம்பி தட்டுச்சுன்னா நான் ஒங்க கால்ல விழுறேன்."

"போட்ட தளத்தக் கொத்தச் சொல்றியா? ஊரு பாக்கவா?"

"கீழ ராசாத்தி ஒக்காருது மச்சான்."

"ஒக்காரட்டும். நானும் நிப்பேன். தட்டுற அன்னைக்கு வெத்தலயப் போட்டுக்கிட்டு நட்டநடுவுல நிப்பேன். நீ போன்ல பாரு."

வைத்துவிட்டார். அவர் நிற்பார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நான் பேசாமல் இருந்திருந்தால் பழக்கத்துக்காக நின்றிருப்பார். இப்போது ரோஷத்துக்காக நிற்பார்.

வேறு வழியில்லாமல் ராசாத்தியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மைதீனையும் சொன்னேன். அதுவரை அவளிடம் அதைச் சொன்னதில்லை.

"எங்கண்ணன் கட்டுனது விழுமா?" என்றாள்.

"தெரியல. அதான் கொத்திப் பாக்கச் சொல்றேன்."



மறுநாள் என் சாப்பாட்டு நேரத்தில் வீடியோ அழைப்பு வந்தது. ஆடுகிற ஏணி தெரிந்தது, பிறகு வெயிலடித்த தளம். அவள் கையில் சுத்தியலும் உளியும் இருந்தன. நான் எதுவும் கேட்பதற்குள் போனை மல்லாக்கத் தளத்தில் வைத்துவிட்டாள். அதன் பிறகு எனக்குத் தெரிந்தது வெறும் வானம்.

டொக். டொக். உளி நழுவுகிற சத்தம். கொஞ்ச நேரத்தில் கீழேயிருந்து மச்சானின் குரல்.

"ஏய் ராசாத்தி! பைத்தியம் புடிச்சிருச்சா? எறங்குடி கீழ!"

"நீ வந்து கொத்து. இல்லாட்டி நான் கொத்துறேன்."

"அவன் சொன்னான்னு அண்ணன நம்பாம ஏறிட்டியா?"

"நம்பித்தாண்ணே ஏறியிருக்கேன். மேலதான நிக்கிறேன்?"

ஏணி ஆடுகிற சத்தம் கேட்டது. பிறகு உளியின் சத்தம் மாறியது. அது பழகிய கையின் அடி. ஒரே அளவாக விழுந்தது. நான் வேலை இடத்தில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போனைக் காதில் அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். காங்கிரீட்டில் உளி படுகிற சத்தம் எனக்குத் தெரியும். கம்பியில் பட்டால் சத்தம் கணீரென்று மாறும். அந்தக் கணீருக்காகக் காத்திருந்தேன். நான் முட்டாளாகிவிட வேண்டும், மச்சான் என்னை ஊர் முழுக்கக் கேலி பேச வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

"ரெண்டு வெரக்கடை போயிருச்சு" என்றாள் ராசாத்தி.

அடி தொடர்ந்தது.

"மூணு."

அடியின் வேகம் குறைந்தது. நாலாவது விரலுக்கும் கணீர் வரவில்லை. பிறகு அடியே நின்றுவிட்டது. போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன். திரையில் வானத்தின் ஓரமாக ஒரு பருந்து போனது. 

"தண்ணி குடு" என்றார் மச்சான். அவருடைய குரல் மாதிரியே இல்லை. தண்ணீர் குடித்த பிறகு சொன்னார்: "கீழ ஒக்காந்திருக்க பொம்பளைகள எந்திரிச்சுத் தள்ளிப் போகச் சொல்லு. மெதுவா. யாரும் கம்புல இடிச்சுக்காம."

6

சுகந்தி மறுநாளே வந்தார். சிமெண்டு மூட்டை மேல் உட்கார்ந்து புதிதாக ஒரு படம் வரைந்தார். முட்டுக்கம்புகளை அசைக்காமல் சிறகுகளின் நுனியில் பக்கத்துக்கு நாலு தூண், அவற்றின் தலையில் ஓர் உத்திரம். இரண்டு பக்கமும் தாங்கிவிட்டால் அடியில் படுத்திருக்கிற கம்பிக்கு வேலை வந்துவிடும். சுவருக்கு நேர் மேலே லேசான வெடிப்பு வரலாம், பூசிக்கொள்ளலாம் என்றார். அவர் கற்பனை செய்த கொக்கு அன்றோடு போயிற்று. அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பெண்கள்தான் பேசினார்கள். "இத்தன நாளா பறந்துக்கிட்டே கெடந்துச்சு. இப்பத்தான் கொக்கு கால ஊனி நிக்கிது" என்றார்களாம்.

தூண்கள் இறுகிய பிறகு முட்டுப் பிரித்தார்கள். மச்சான் வழக்கம்போல் கீழே போய் நின்றார். வெற்றிலை போடவில்லை. ராசாத்தி வீடியோவில் காட்டினாள். நான் பார்க்கவில்லை. போனை ரஃபீக்கிடம் கொடுத்துவிட்டுச் சுவரைப் பார்த்து நின்றேன். "நிக்குது, நிக்குது" என்று அவன் என் முதுகில் தட்டிய பிறகுதான் திரும்பினேன்.

படிப்பகம் நடக்கிறது. ராசாத்தி ஏழு மாடத்தையும் எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டாள். ஏழாவதில் கதை எப்படி முடிய வேண்டும் என்று இன்னும் சண்டை நடக்கிறதாம். கால் நனைகிறதா இல்லையா என்று.

என் பயம் மட்டும் பிரியவில்லை. முப்பது வருடத்தில் மச்சான் எத்தனை வீட்டுக்கு வெளியே நீட்டித் தளம் போட்டிருப்பார்? எங்கள் வீட்டு வாசல் மேல் இருக்கிறதும் அவர் போட்டதுதான். சின்னது, அதனால் நிற்கிறது. ராசாத்தியிடம் அதற்குக் கீழே நின்று போன் பேசாதே என்று சொல்லியிருக்கிறேன். அவள் பேசுகிறாள்.

மச்சான் ஒரு வருடமாக என்னிடம் பேசவில்லை. நான் வீடியோவில் வந்தால் எழுந்து வெளியே போய்விடுவார். ஊரில் யாரிடமும் என்னைக் குறை சொல்லவும் இல்லை.

பலகை விழுந்த அன்று சாயங்காலம் அவரிடமிருந்து ஒரு படம் வந்தது. மேலத்தெருவில் ஒரு வீட்டுக்குப் பால்கனி. காங்கிரீட் போடுவதற்கு முன் கட்டிய கம்பி. பெரிதாக்கிப் பார்த்தேன். பலகையிலிருந்து தூக்கி, அடியில் கம்பியாலேயே சின்னச் சின்ன முக்காலி கொடுத்து, மேலே கட்டியிருந்தார். சுவருக்குள்ளும் போதுமான நீளம் ஓடியிருந்தது. பிறகு குரல் வந்தது.

"மாப்ள. பாத்துக்க. அந்தச் சுகந்திப் பொண்ணும் வந்து பாத்துட்டுப் போயிருச்சு. அடுத்த மாசம் முட்டுப் பிரிக்கணும். நான் கீழ நிப்பேன். நீ வந்து தட்டு."

விடுப்புப் படிவம் கொடுத்துவிட்டேன். அதே பெண்தான் இருந்தார். "இந்தத் தடவை என்னா, அங்கிள்?" என்றார். பால்கனிக்கு முட்டுப் பிரிக்கணும் என்றேன். சிரித்துக்கொண்டே கல்யாணம் என்ற கட்டத்தில் கோடு போட்டார்.

படத்தைத் தினமும் திறந்து கம்பிகளை எண்ணுகிறேன். சரியாகத்தான் இருக்கின்றன. ஆனாலும் நான் சுத்தியலை ஓங்கும்போது அவர் கீழே நிற்காமல் இருந்தால் நல்லது.

நிற்பார்.